நூற்றுப் பதினெட்டு வகுப்புகள்

என் தங்கையின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒண்ணாம் தேதி' என்றால்தான் தெரியும். யார் எப்போது பணம் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருகிற பதில் ஒன்றுதான். "ஒண்ணாம் தேதி வந்துருங்க, பாத்துக்கலாம்." எந்த மாதத்து ஒண்ணாம் தேதி என்று மட்டும் மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் அவர் பொய் சொன்னதாக யாரும் குற்றம் சாட்ட முடியாது.

தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஒரே ஒரு கார். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற அகலத்தில் ஓர் அறை. அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய அட்டை. காருக்கு ஃபைனான்ஸ் கம்பெனியில் தவணை பாக்கி. அறைக்கு வாடகை பாக்கி. பெட்ரோல் பங்க்கில் பாக்கி. இவை போக எங்கள் வீட்டில் வாங்கியது ஒன்றரை லட்சம். மருந்துக் கடையில் மட்டும் பாக்கி கிடையாது. அங்கே கடன் இல்லை என்று போர்டு மாட்டியிருந்தார்கள்.

இத்தனைக்கும் ஆள் மெலியவில்லை. தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. தினமும் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கடன் கொடுத்தவர்களைப் பார்த்தால் அவர்கள் பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் விசாரிப்பார். விசாரித்து முடிப்பதற்குள் வந்தவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடுவார். எனக்கு வயிறு எரியும். பாக்கி வைத்திருப்பவன் நிம்மதியாக இருக்கிறான், கொடுத்தவன் மாத்திரை போட்டுக்கொள்கிறான் என்றால் என்ன நியாயம் இது?

பணம் கேட்டு வருபவர்களிடமிருந்து தப்பிக்க அவருக்கு ஓர் உபாயம் இருந்தது. அறையில் உட்காரவே மாட்டார். காலையிலிருந்து காருக்குள்தான். ஓடுகிற காருக்குள் இருப்பவரை யார் பிடிப்பது என்று நினைத்தார். ஓட்டுவது யார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஒருநாள் நானே கண்ணால் பார்த்தேன். அன்றைக்குத்தான் சேர்ந்த பல் டாக்டர் ஒருவர் ஓட்டுகிறார். கார் நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஜன்னலோரமாக ஃபைனான்ஸ் கம்பெனி ஆள், தோளில் பையை மாட்டிக்கொண்டு, கூடவே நடந்து வருகிறார்.

"மூணு தவணை நிக்குது சார்."

"ஒண்ணாம் தேதி வந்துருங்க சார். பையனுக்கு ஜுரம்னீங்களே, இப்ப பரவாயில்லையா?" என்று மாப்பிள்ளை அவரிடம் கேட்டுவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுங்க டாக்டர், பயப்படாதீங்க" என்றார்.

டாக்டர் கொடுத்தார். ஃபைனான்ஸ் ஆள் ஓடத் தொடங்கினார். ஓடிக்கொண்டே, "சார், நோட்டீஸ் வரும் சார்" என்கிறார். தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்ததில் டாக்டர் பயந்து காரை நிறுத்திவிட்டார். ஃபைனான்ஸ் ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார். அந்த ஆளும் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி, எங்கள் பணத்துக்கு வருகிறேன். கொடுத்து ஒரு வருஷம் ஆகியும் ஒரு காசு திரும்பவில்லை. நான் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். தங்கை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

"பணமா திருப்பித் தர நாளாகும் மச்சான். ஒண்ணு பண்ணலாம். அக்காவுக்கு நான் வண்டி ஓட்டச் சொல்லித் தர்றேன். ஒரு வகுப்புக்கு அறுநூறு. கடன்ல கழிச்சுக்கங்க. அக்காவும் கத்துப்பாங்க, கடனும் தேயும்."

என் மனைவியைத்தான் அவர் அக்கா என்பார். எனக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. ஒண்ணாம் தேதியிடமிருந்து ஏதோ ஒன்றைக் கறந்துவிட்ட முதல் ஆள் நான்தான் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பிறந்து பத்து நாள் ஆன குழந்தையின் கையில் நரம்பைத் தேடி ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் பஞ்சை வைத்து அமுக்கியிருப்பாள். அந்த நிலையத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பதற்கு ஒரு காரும் ஒரு புதுப் பொறுப்பும் வரப்போவதாகப் பேச்சு. தானே ஓட்டிக்கொண்டு போகத் தெரிந்தவர் வேண்டும். சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. "லைசென்ஸ் மட்டும் வாங்கிட்டு வாம்மா, அது உனக்குத்தான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆக, வகுப்பு எல்லாருக்கும் நல்லதாகவே தெரிந்தது.

வாரத்துக்கு இரண்டோ மூன்றோ வகுப்பு. முதல் மாதம் உற்சாகமாகப் போய்வந்தாள். அதற்குப் பிறகு முகம் வாட ஆரம்பித்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்குமாம், ஏதாவது ஒரு திருப்பத்தில் கார் குலுங்கிக்கொண்டு நின்றுவிடுமாம். எஞ்சின் ஆஃப். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். "கிளட்ச்சைப் படக்குன்னு விட்டுட்டீங்க அக்கா. பரவாயில்லை, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாராம் மாப்பிள்ளை. கோபமே படமாட்டாராம். இதையும் அவள்தான் பெருமையாகச் சொன்னாள்.

எனக்கு இது நல்ல பொழுதுபோக்காக அமைந்தது. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எத்தனை தடவை நின்னுச்சு?" என்பேன். வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் இன்னும் குஷி. "நாலு டெஸ்ட் டியூப்பைக் கழுவுற மாதிரியா ஸ்டியரிங் பிடிக்கிறது?" என்று கேட்டுச் சிரிக்கவைப்பேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளன். ஸ்கூட்டரில் போய் ஸ்கூட்டரில் வருகிறவன். அதையும் சுவரில் சாய்த்துத்தான் நிறுத்துவேன்.

நிலையத்து முதலாளி ஆறு மாதம் காத்திருந்தார். ஏழாவது மாதம் அந்தப் பொறுப்பை இவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் இவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அது வராது போலிருக்குங்க. கையும் காலும் ஒத்துப்போக மாட்டேங்குது."

"விடு, எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா என்ன?" என்றேன். ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியில் டீ வேறு கேட்டேன்.

"அப்ப வகுப்பை நிறுத்திட வேண்டியதுதானே?" என்று நான் கேட்டதற்கு, "போகலைன்னா கடன் கழியாதே" என்றாள். வராது என்று தெரிந்தும், கடன் கழிவதற்காக வாரம் மூன்று நாள் நடுரோட்டில் ஹாரன் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போனாள்.

இப்படியே பதினொரு மாதம் ஓடியது. அதற்குள் ஃபைனான்ஸ் கம்பெனி நோட்டீஸ் அனுப்பிவிட்டது. வருகிற பத்தாம் தேதிக்குள் பாக்கிக்கு வழி செய்யாவிட்டால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"கார் போச்சுன்னா அதோட எல்லாம் போச்சு அண்ணா. அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. பசங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

என் மனைவிதான், நிலையத்தில் யாரோ சொல்லக் கேட்டு, கடன் தீர்வு மையத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்த மையம். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆபீசர் ஒரு நடுத்தர வயது அம்மாள். ஒரு ஸ்டேப்ளரை எப்போதும் கையில் வைத்திருப்பார். ஏற்பாடு இதுதான் என்று விளக்கினார். கடன் கொடுத்த எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு வட்டி நின்றுவிடும். மாப்பிள்ளை மாதாமாதம் ஒரே தொகையை மையத்தில் கட்டினால், அவர்கள் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். கட்டுகிறவரை காரை யாரும் தொடக் கூடாது. ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் எல்லாம் கலைந்துவிடும். எழுதிக் கொடுப்பதில் பொய் இருந்தாலும் கலைந்துவிடும்.

மாப்பிள்ளை படிவத்தில் மூன்று பேரைத்தான் எழுதினார். ஆபீசர் என்னைக் காட்டி, "இவரு யாரு?" என்றார்.

"மச்சான் மேடம். அவரு குடும்பம். அவரை எப்படி இந்த லிஸ்ட்ல போடறது?"

"குடும்பம்னா வாங்கின கடன் கரைஞ்சிடுமா? எழுதுங்க. ஒரு வருஷத்துல யாருக்கு என்ன திருப்பிக் குடுத்தீங்களோ அதையும் எழுதுங்க. பணமா குடுத்தாலும் சரி, வேலையா செஞ்சு குடுத்தாலும் சரி."

கூட்டம் எட்டாம் தேதி என்று முடிவானது. அதுவரை பணம் கேட்டு யாரும் நெருக்க வேண்டாம் என்று மையத்திலிருந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் கிடைத்ததும் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அதை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார். டயர் கடைக்குப் போய், "நான் இப்ப ஒப்பந்தத்துல இருக்கேன், ரெண்டு டயர் கடனா குடுங்க" என்று கேட்டாராம். டயர் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது எங்கே முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் தேதி நான் கிடங்குக்கு லீவு போட்டேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன். பேசுவதற்கு நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். பாக்கியை நான் நெருக்கப் போவதில்லை, என் தங்கை முகத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி. மற்றவர்கள் கேட்டு உருகிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மேசையைச் சுற்றி ஃபைனான்ஸ் ஆள், அறையின் சொந்தக்காரர், பெட்ரோல் பங்க் மேனேஜர். எதிரே மாப்பிள்ளையும் தங்கையும்.

ஆபீசர் ஆதாரம் கேட்டார். பணம் அனுப்பிய பேங்க் சீட்டை எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது ஒரு லேடி அக்கவுண்ட்டுல இருந்து போயிருக்கே."

"என் வொய்ஃப்தான் மேடம்."

"அப்ப கடன் குடுத்தது அவங்க. அவங்க எங்க?"

"நான் அவங்க கணவர்."

"அது சரி. கையெழுத்து அவங்கதான் போடணும். வரச் சொல்லுங்க. நீங்க அந்தச் சுவர் ஓரமா உக்காருங்க."

உண்மைதான். அவள் எட்டு வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். கொடுக்கும்போது மாப்பிள்ளையின் தோளில் தட்டிக் கொடுத்தது மட்டும் நான். இஸ்திரி சட்டையோடு சுவர் ஓரம் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் அவள் வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

ஆபீசர் வாசித்தார். "கடன் ஒன்றரை லட்சம். இதுல நூத்திப் பதினெட்டு வகுப்பு கழிச்சது எழுபதாயிரத்து எண்ணூறு. பாக்கி எழுபத்தொம்பதாயிரத்து இருநூறு. சரியாம்மா?"

அவள் தலையாட்டுவதற்குள் பங்க் மேனேஜர் சிரித்துவிட்டார். "நூத்திப் பதினெட்டா? எங்க டேங்கர் டிரைவரே அவ்வளவு படிச்சதில்லை."

என் மனைவி மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எனக்கும், வெட்கக்கேடு, சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் அறையின் சொந்தக்காரர் விடவில்லை. வாடகைக்கு ஒரு வகுப்புக்கூடக் கிடைக்காத கடுப்பு அவருக்கு. "எல்லாருக்கும் பாக்கி. இவங்களுக்கு மட்டும் எழுபதாயிரம் போயிருக்கா? சாதாரணமா ஒருத்தர் கத்துக்க எத்தனை வகுப்பு ஆகும்?"

"பதினஞ்சு, இருபது" என்றார் மாப்பிள்ளை.

"இவங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்று ஆபீசர் கேட்டார்.

மாப்பிள்ளை வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார். ஆபீசர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். "இதுக்குப் பதில் எழுதணும். இதுல பொய் இருந்தா ஒப்பந்தம் செல்லாது. நாளன்னைக்குக் கார் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் என் தங்கையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக அந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா பன்னெண்டாவது வகுப்புலயே நல்லா ஓட்டிட்டாங்க மேடம்."

"அப்புறம்?"

"சொல்லிக் குடுக்கிற கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வண்டி நல்லா போய்க்கிட்டிருக்கிறப்ப, திருப்பத்துல அதை அழுத்திடுவேன். எஞ்சின் நின்னுடும். கிளட்ச்சுன்னு சொல்லிடுவேன். அவங்க கத்து முடிச்சிட்டா வகுப்பு நின்னுடும், பணமா குடுங்கன்னு கேப்பாங்க. எங்கிட்ட பணம் இல்லை மேடம்."

பங்க் மேனேஜர் தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நான் நாற்காலி பின்னால் சாய எழுந்தேன்.

"கையெழுத்தெல்லாம் கிடையாது. கார் போகட்டும். இவன் தெருவுல நிக்கட்டும்."

"சார், இதுல உங்களுக்குக் கையெழுத்தே கிடையாது. உக்காருங்க" என்றார் ஆபீசர்.

உட்கார்ந்தேன். என் மனைவி மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

"பன்னெண்டாவது வகுப்புன்னா எந்த மாசம் தம்பி?"

"ரெண்டாவது மாசம் அக்கா."

"எனக்கு அந்தப் புது வேலை கைவிட்டுப் போனது ஏழாவது மாசம்."

அவர் கையைக் கூப்பினார். அவள் அதைப் பார்க்காமல் ஆபீசர் பக்கம் திரும்பினாள். "பன்னெண்டு வகுப்பை மட்டும் கழிங்க மேடம். மத்த நூத்தி ஆறும் வகுப்பு இல்லை."

ஆபீசர் கால்குலேட்டரைத் தட்டினார். பாக்கி ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூறு என்று வந்தது. உடனே ஃபைனான்ஸ் ஆள் நெளிந்தார். இந்தப் பங்கு கூடினால் எங்கள் பங்கு குறையும், அதற்கு எங்கள் ஆபீஸில் சம்மதிக்க மாட்டார்கள் என்றார். அப்படியென்றால் கார் போய்விடும். என் தங்கை அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வாய் வரவில்லை அவளுக்கு. ஐயோ, கார் போகக் கூடாதே என்று நினைத்தேன். சற்று முன் கார் போகட்டும் என்று கத்தியவனும் நான்தான்.

"மத்தவங்களுக்கு முதல்ல குடுத்து முடிங்க. எனக்குக் கடைசில வந்தா போதும். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. ஆனா தொகையைக் குறைக்காம எழுதுங்க" என்றாள் என் மனைவி.

"உங்களுக்குத்தாம்மா நஷ்டம்."

"தெரியும் மேடம். எனக்கு ஓட்ட வரலைங்கிறது பொய்யின்னு ஏதாவது ஒரு பேப்பர்லயாவது இருக்கட்டும்."

ஆபீசர் அப்படியே எழுதினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

கீழே இறங்கினோம். செருப்புக் கடை வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளை கதவைத் திறக்கப் போனார்.

"சாவியைக் குடுங்க தம்பி. என்னை வேலையில விட்டுட்டுப் போங்க. நான் ஓட்டறேன்."

கொடுத்தார். சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்காரப் போனவரை அவள் நிறுத்தினாள்.

"ஷூவைக் கழட்டுங்க. காலை மேல தூக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்க."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர், மடியில் ஒப்பந்த ஃபைல், சீட்டின் மேல் சம்மணம். தெருவில் போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் தங்கையும் பின்னால் ஏறிக்கொண்டோம். கார் கிளம்பியது. மெயின் ரோட்டில் திரும்பி, ஒரு பஸ்ஸை முந்தி, அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இவன் இப்படி அழுத்தறான்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லு?" என்றேன்.

அவள் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

"தம்பி கால் வச்சு அழுத்தினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே இறங்கியிருப்பேன். நீங்க வாயால அழுத்தினது தினமும் தெரிஞ்சுது. எங்க இறங்கறது, சொல்லுங்க."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிலையத்து வாசலில் ஓரம் கட்டி நிறுத்தி, சாவியை டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு, கோட்டைச் சரி செய்துகொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். வழியில் கார் ஓரிடத்திலும் குலுங்கி நிற்கவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தது. நான் இறங்கிப் போய்க் கதவைத் திறந்ததும், இறங்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத் தட்டிவிடுகிற யோக்கியதை எனக்கு இல்லை.